முப்பது வினாடி அசையாதவர்

ரிப்போர்ட் கையில் வராமல் எதையும் நம்பாதவன் நான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "நேத்து ராத்திரி சரியா தூங்கினீங்களா?" என்று கேட்கிற ஆள். ஆனாலும் சொல்கிறேன், இது நடந்தது. என் அடுத்த அறையில் வேலை பார்க்கிற மனிதருக்கு நடந்தது. அவர் கேமராவின் திரையில் அந்தப் படங்களை நானே பார்த்தேன். நல்ல பகல், கேன்டீன், சுற்றிலும் ஜனம். அப்படியும் வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்தவன் எடுத்த போட்டோவைப் பார்த்து, 'சே, இது நமக்கு அமையலையே' என்று ஒரு நாளாவது உங்களுக்கு வயிறு எரிந்திருந்தால், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அவர் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டு. அதனால் நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் 'மூச்சுப்பிடி'. குரூப் போட்டோவுக்கு நின்றால் பின்வரிசையிலிருந்து யாராவது "மூச்சைப் பிடிங்க" என்று குரல் கொடுப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மனிதர். போட்டோ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கிறுக்கு.

பகலெல்லாம் கறுப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கலர் படமே பிடிக்காமல் போய்விட்டது. கலர் என்பது முகத்துக்குப் போடுகிற பவுடர், கறுப்பு வெள்ளைதான் எலும்பு என்பார். ஸ்கேன் அறை வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், மழையில் நனைந்துகொண்டிருக்கும் சக்கர நாற்காலி, மேஜையில் டீ கிளாஸ் விட்டுப் போன ஈர வட்டம், ஷட்டர் இறக்கிய கடைகளின் வரிசை... இப்படி யாரும் திரும்பிப் பார்க்காதவற்றை எல்லாம் எடுப்பார். இரவு ட்யூட்டி இல்லாத நாளில் சாப்பிட்டதும் ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார்.

"இருட்டைப் படம் எடுக்க எதுக்குங்க இவ்வளவு பெரிய கேமரா?" என்பார் அவர் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அம்மா அத்தோடு விடவில்லை. வீட்டுச் சுவரில் அவர் படம் ஒன்றைக்கூட மாட்ட விடவில்லை. "வெள்ளையடிச்ச சுவர், ஆணி கீணி அடிச்சு வைக்காதீங்க." பதினோரு வருஷம் படங்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடந்தன.

அவருக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். குளியலறைக் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடை வைத்திருப்பவர். அவருக்கும் கேமராவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இவரைப் பார்த்துத்தான் வாங்கினார். "அண்ணே, எந்தப் பட்டனை அமுக்கினா நல்லா வரும்?" என்று கேட்ட ஆள். எக்ஸ்ரேக்காரர்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனில் பாடம் நடக்கும். அந்த நேரத்தில் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் அவருடைய மகள், "அப்பா, எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்று பக்கத்தில் வந்து நிற்பாள். "முதல்ல பாடத்தைப் படி" என்று விரட்டிவிடுவார்.

சகலையின் படங்கள் முதலில் சுமாராகத்தான் இருந்தன. எக்ஸ்ரேக்காரருக்கும் அதில் ஒரு திருப்தி. பிழைகளை அன்பாகச் சுட்டிக்காட்டுவார். சிஷ்யன் சிஷ்யனாக இருக்கிற வரைக்கும் குருவுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

போன மழைக்காலத்தில் எல்லாம் மாறியது.

சகலை திடீரென்று தினமும் ராத்திரி வெளியே போக ஆரம்பித்தார். ஒரே தெரு. ஒரே விளக்குக் கம்பம். அந்தக் கம்பத்தடியில் ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். முழுக்கைச் சட்டை. கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் படம். ஆனால் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அவர் திரும்பினால் நன்றாக இருக்கும் என்றும், திரும்பாமல் இருப்பதே நல்லது என்றும் பேசிக்கொண்டார்கள்.

நூலக மாடியில் மாதம் ஒரு முறை கூடும் புகைப்படக் குழுவில் கைதட்டல். வருஷாந்திரக் கண்காட்சியில், வாசலுக்கு எதிர்ச்சுவரில் பெரிதாக வைக்கிற ஒரே படம் சகலையுடையது என்று முடிவாயிற்று. அந்தக் குழுவை ஆரம்பித்தவர்களில் எக்ஸ்ரேக்காரர் ஒருவர். அவர் படங்களுக்கு எப்போதும் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்துச் சுவர்தான்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.

இதுகூடப் பரவாயில்லை என்றார் என்னிடம். இவருடைய கல்யாண நாளுக்குச் சகலை வந்தார். கையில் சட்டம் போட்ட அந்தப் படம். பரிசாம். எக்ஸ்ரேக்காரரின் மனைவி அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் சுத்தியலை எடுத்து வந்தார். டிவிக்கு மேலே, வெள்ளையடித்த சுவரில், தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார்.

"எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்றார்.

"அவரு காய்ச்சல்லகூட போறாருக்கா" என்றாள் தங்கை. "ஒரு ராத்திரி தவறினது இல்ல. அப்படி ஒரு ஆர்வம்."

எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். அன்றிலிருந்து அவர் டிவி பார்ப்பதை விட்டுவிட்டார்.

பொறாமைக்குக் கண் கூர்மை. ஒரு மாதம் அந்தப் படத்தைக் கடிந்துகொண்டே பார்த்தவருக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. இருட்டுத் தெருவை எடுக்கக் கேமராவின் கண்ணை முப்பது வினாடி திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நடந்து போகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். நிற்கிறவர்கள் புகை மாதிரி கலங்கித் தெரிவார்கள். ஏனென்றால் மனிதன் நிற்கும்போதும் சும்மா நிற்பதில்லை. மூச்சு விட்டால் தோள் ஏறி இறங்கும். நெஞ்சு அசையும். இது இவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எக்ஸ்ரேயில் ஒரு நொடி மூச்சு விட்டாலே படம் கெட்டுப்போகும்.

ஆனால் இந்த ஆள் கலங்கவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சட்டைக் கையின் பட்டன் தெரிந்தது. பட்டனைத் தைத்த நூல்கூடத் தெரிந்தது.

மூச்சு விடுகிற எவனும் இப்படி நிற்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

நீங்களும் நானும் அங்கேயே நிறுத்தியிருப்போம். படத்தைச் சுவரிலிருந்து கழற்றியிருப்போம். அவருக்கோ சந்தோஷம். 'திருட்டுப் பயல். வேற எங்கேயோ எடுத்த ஆளைக் கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்கான்.' பொறாமை கண்ணை மறைத்தால் இப்படித்தான், யானை நின்றாலும் மரம் என்றுதான் தோன்றும்.

அடுத்த வாரமே ஏதோ சாக்கு வைத்து சகலை வீட்டுக்குப் போனார். சகலை இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பெயர் வந்ததும் கலைஞன் வேஷம் என்று இவர் நினைத்துக்கொண்டார். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது மெல்லக் கேட்டார்.

"அந்தத் தெரு எங்க இருக்கு சகலை?"

"கிடங்குத் தெருண்ணே. மூணாவது கம்பம். ஒரு மணிக்கு மேல போங்க. முப்பது செகண்ட் வைங்க."

எந்தப் போட்டோக்காரனும் இப்படி இடத்தையும் நேரத்தையும் வாரிக் கொடுக்க மாட்டான். இவன் எனக்குப் பிச்சை போடுகிறான் என்று எரிந்தது இவருக்கு.

"அந்த ஆளு யாரு?"

சகலை குழாயை மூடாமல் நின்றார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. "தெரியலண்ணே. அங்க நிப்பாரு."

"முப்பது செகண்டும் அசையாமயா?"

"நிப்பாரு."

"உனக்காக வந்து நிக்கறாரா?"

சகலை இவர் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கும் நிப்பாரு. கேட்டுப் பாருங்கண்ணே."

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் சகலையின் குட்டை உடைத்தாக வேண்டும். எக்ஸ்ரேக்காரரின் திட்டம் எளிது. அதே இடத்தில், அதே நேரத்தில், தானே அந்தக் கம்பத்தடியில் போய் நிற்பது. மூச்சைப் பிடித்து முப்பது வினாடி. தொழில்காரன், தன்னைவிட அசையாமல் நிற்க யாரால் முடியும்? தானே கலங்கித்தான் விழுவோம் என்று அவருக்குத் தெரியும். அந்தப் படத்தைக் கண்காட்சிக் கூட்டத்தில் எடுத்துப் போட்டு, "இப்ப சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வியாழக்கிழமை ராத்திரி. பதினொரு மணி வரை மழை. 12:50-க்கு ஸ்கூட்டரைத் தெரு முனையில் நிறுத்தினார்.

நீளமான தெரு. இரண்டு பக்கமும் கிடங்குகளின் தகர ஷட்டர்கள். வீடு கிடையாது. நாய்கூட இல்லை. எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டக்... டக்...

மழை விட்டதால் விளக்கைச் சுற்றி ஈசல். முதல் கம்பத்தில் மொய்த்தது. இரண்டாவதில் மொய்த்தது. நாலாவதிலும் மொய்த்தது.

மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை.

பல்பு வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ட்ரைபாடை விரித்தார்.

1:04. முதல் படம், வெறும் தெரு. அந்தக் கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. முப்பது வினாடி படம் எடுத்தால், அதைச் சுத்தம் செய்ய இன்னொரு முப்பது வினாடி தனக்குள்ளேயே வேலை பார்க்கும். அதுவரை திரை கறுப்பாக இருக்கும். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். காத்திருக்க வேண்டியதுதான்.

சிவப்பு அணைந்தது. படம் வந்தது. கம்பம், வெளிச்சம், ஈரத் தரை. யாரும் இல்லை.

"நினைச்சேன்" என்றார் வாய்விட்டு. ஒரு மாதத்தில் முதல் முறையாக அவருக்கு நெஞ்சு லேசானது.

ஆனால் அவர் உண்மையான ரசிகர். அதுதான் வினையாகப் போயிற்று. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது, இது செத்த படம். வெறும் கம்பம். அந்த ஆள் இருந்தால்தான் அது படம். ஒட்டியதோ திருடியதோ, சகலை எடுத்தது தன் பதினோரு வருஷப் பெட்டியில் இருக்கும் எதையும்விட நல்ல படம்.

வயிற்றில் அமிலம் ஊற்றியது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காலித் தெருவைப் பார்த்துக் கேட்டார். "அவனுக்கு மட்டும்தான் நிப்பியா? எனக்கு ஒரு தடவை நில்லேன்."

தண்ணீர் சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

1:11. கேமராவில் பத்து வினாடி தாமதம் வைத்துவிட்டுக் கம்பத்துக்கு நடந்தார். பீப்... பீப்... பீப்...

கம்பத்தடியில் தரை முழுக்க ஈரம். ஒரே ஒரு இடம் காய்ந்திருந்தது. இரண்டு பாத அளவுக்கு. பக்கத்துப் பக்கத்தில்.

ஏதோ மூட்டையை வைத்து எடுத்திருப்பார்கள் என்று நினைத்தார். அதை மிதிக்காமல் அதற்கு வலது பக்கத்தில் நின்றார்.

க்ளிக்.

மூச்சை நன்றாக இழுத்தார். பிடித்தார். மனசுக்குள் எண்ணினார்.

ஐந்து... ஆறு...

எக்ஸ்ரே அறையில் விளக்கை அணைத்தாலும், உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். இத்தனை வருஷப் பழக்கம்.

பதினொன்று... பன்னிரண்டு...

இடது பக்கம் ஆள் இருந்தது.

சத்தம் இல்லை. மூச்சு இல்லை. வாசனை இல்லை. ஆனால் இருந்தது. தோளுக்கும் தோளுக்கும் ஒரு சாண்.

திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏன் தெரியுமா?

திரும்பினால் படம் கெட்டுவிடும்.

பத்தொன்பது... இருபது...

கன்னத்தில் குளிர். இடது கன்னத்தில் மட்டும்.

இருபத்து மூன்று...

அது தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தது. மெதுவாக.

இருபத்தெட்டு... இருபத்தொன்பது...

க்ளிக்.

திரும்பினார். யாரும் இல்லை.

ஓடவில்லை. நடந்துதான் கேமராவுக்குப் போனார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரை கறுப்பு. இன்னும் முப்பது வினாடி. முதுகுக்குப் பின்னால் கம்பம். திரும்பாமல் நின்றார்.

சிவப்பு அணைந்தது.

படத்தில் அவர் இருந்தார். கலங்கலாக, புகை மாதிரி. கண் மூக்கு எதுவும் இல்லை. அவர் நினைத்தது சரிதான், மூச்சு விடுகிறவன் அப்படித்தான் விழுவான்.

பக்கத்தில் அந்த ஆள். முழுக்கைச் சட்டை. ஒவ்வொரு பட்டனும் தெளிவு.

முதுகைக் காட்டவில்லை. பக்கவாட்டில் திரும்பியிருந்தார்.

இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூறல் விழுந்தது. எக்ஸ்ரேக்காரர் தலையைத் தூக்கினார். கம்பத்தடியில் காய்ந்த இடம் இல்லை.

கம்பத்துக்கும் அவருக்கும் நடுவில், பாதி தூரத்தில் இருந்தது. இரண்டு பாதம். மழை விழுந்தும் நனையவில்லை.

ட்ரைபாடை மடக்கவில்லை. கேமராவோடு அப்படியே தூக்கிக்கொண்டு...

வீட்டுக்கு வந்தபோது 1:40. கதவைத் தாழ் போட்டார். படுக்கையில் போர்வைக்குள் உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டே மறுபடியும் படத்தைத் திறந்தார். இங்கேதான் அந்த மனிதரை எனக்குப் புரியவே இல்லை. பயத்தில் பல் அடித்துக்கொள்கிறது. அந்த நிலையிலும் அவர் மனசுக்குள் ஒரு குரல், 'சகலைக்கு முதுகுதான் கிடைச்சுது. எனக்கு முகம்' என்றதாம். அன்று நன்றாகத் தூங்கினாராம்.

காலையில் மனைவியின் குரல்தான் எழுப்பியது. அந்த அம்மா கையில் துடைப்பத்தோடு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க... இதுல ஒரு ஆளு நின்னாரே?"

சட்டத்துக்குள் சகலையின் படம். தெரு. கம்பம். வெளிச்சம். அவ்வளவுதான்.

மதியம் சகலை ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அழுகை என் அறை வரைக்கும் கேட்டது. யாருக்கோ ரிப்போர்ட் மோசம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கேட்டுட்டீங்களா அண்ணே?"

"நீ தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

"கேக்காம குடுக்க முடியாதுண்ணே. சும்மா கேட்டாலும் போகாது. எத்தனையோ பேரைக் கேக்க வச்சுப் பார்த்தேன். வயிறு எரிஞ்சு கேக்கணும். என் மேல அவ்வளவு எரிச்சல் உங்களுக்குத்தான் இருந்துச்சு."

எக்ஸ்ரேக்காரருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒளித்து வைத்திருப்பதாக நினைத்த பொறாமையை எதிராளி இத்தனை மாதமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உனக்கு யார் மேல எரிஞ்சுது?"

"குழுவுல ஒரு லாரி டிரைவர் வந்துட்டு இருந்தாரே, பாதியில நின்னுட்டாரு... அவரு படத்தைப் பார்த்து." சகலை மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தினம் போய் எடுத்துடுங்கண்ணே. எங்க வேணா எடுக்கலாம், ஆனா வெளியில. அதை வெளியில வச்சு எடுத்துட்டா, அன்னிக்கு வெளியிலயே நின்னுடும். ஒரு ராத்திரியும் விட்டுடாதீங்க. நான் ஒரு தடவை விட்டேன்."

"என்ன ஆச்சு?"

"கேக்காதீங்க."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் மூன்று வாரம் எக்ஸ்ரேக்காரர் சந்தோஷமாகத்தான் இருந்தார். கேட்டதெல்லாம் கிடைத்தது. கண்காட்சியில் எதிர்ச்சுவர் அவருடையது. மனைவி பழைய படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் இவர் படத்தை மாட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள்கூட நின்று பேசினார்கள். தினமும் ராத்திரி போவார், எடுப்பார், வருவார். முதலில் கிடங்குத் தெரு. பிறகு வீட்டுத் தெருவே போதும் என்று ஆயிற்று.

நாலாவது வாரம் தூக்கம் போனது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். இவர் கண்ணடி படாதா என்று ஏங்கினார். யாராவது பொறாமைப்பட வேண்டுமே. குழுவில் எல்லாருக்கும் படங்களைக் காட்டினார். இடம், நேரம், எல்லாம் வாரி வழங்கினார். பாவிகள் எல்லாரும் மனதாரப் பாராட்டினார்கள். எனக்கும் காட்டினார். எனக்குப் போட்டோவே எடுக்கத் தெரியாது. அது என் அதிர்ஷ்டம்.

பிறகு ஒரு ராத்திரி, 1:30. வழக்கம்போல எடுத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. படம் வந்தது.

யாரும் இல்லை.

இன்னொன்று எடுத்தார். இல்லை. இன்னொன்று. இல்லை.

தெருவோரத்தில் உட்கார்ந்து சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். யாரோ அந்த ஆளிடம் கேட்டுவிட்டார்கள். எந்தப் புண்ணியவானுக்கோ வயிறு எரிந்துவிட்டது. குழுவின் செயலாளராக இருக்குமோ, புதிதாகச் சேர்ந்த கல்யாண போட்டோக்காரனாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

மாடியில் விளக்கு எரிந்தது.

பால்கனியில் மகள். அவருடைய பழைய கேமரா. ஒரு நாற்காலி மேல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு காட்டட்டுமா?"

அவர் மாடிக்கு ஓடினார்.

"எத்தனை தடவை கேட்டிருப்பேன் உங்ககிட்ட. சித்தப்பாவுக்கு மட்டும் மணிக்கணக்கா சொல்லிக் குடுத்தீங்க. சுவத்துல உங்க படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையா வந்துச்சுப்பா. அதான் இன்னிக்குக் கேட்டுட்டேன்."

"யாருகிட்ட?"

"அதுல நிக்கறவர்கிட்டதான். எனக்கு நிக்க மாட்டியான்னு."

கேமராவைத் திருப்பிக் காட்டினாள். கீழே அவர்கள் வீட்டு கேட். கேட்டுக்கு உள்பக்கம் அந்த ஆள். இந்த முறை நேராக நின்றிருந்தார். முழு முகம். மேலே பால்கனியைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் படத்தைத்தான் நான் கேன்டீனில் பார்த்தேன். முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சாதாரண முகம்தான். எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும் என்கிற அளவுக்குத் தெளிவு.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. இப்போது அப்பாவும் மகளும் தினம் ராத்திரி சேர்ந்து போகிறார்கள். இவர் ட்ரைபாடைத் தூக்கி வருவார், அவள் எடுப்பாள். அவள் எடுத்து முடித்ததும் இவர் ஒரு படம் எடுப்பார். எடுக்குமுன் கேட்பார். "எனக்கு நில்லு. மறுபடியும் எனக்கே நில்லு." கும்பிட்டுக்கூடக் கேட்டாராம்.

இவர் எடுக்கிற படத்தில் அந்த ஆள் வருவதே இல்லை.

"பெத்த பொண்ணு மேல பொறாமைப்படறது எப்படிங்க?" என்று என்னிடம் கேட்டார். தமாஷுக்குக் கேட்கவில்லை. "அவ படத்தை எடுத்து வச்சுக்கிட்டு ராத்திரி பூரா பார்க்கறேன். என்னைவிட நல்லா எடுக்கறா. வெளிச்சத்தை எங்க விடணும், எங்க நிறுத்தணும்னு அவளுக்குச் சொல்லியே தர வேண்டாம். எரியணும், எரியணும்னு நினைச்சுக்கிட்டே பார்க்கறேன்... பெருமையாத்தாங்க இருக்கு."

என் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் இதையெல்லாம் சொன்னது போன செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் மகளுக்கு நல்ல காய்ச்சல், 103. நினைவே சரியாக இல்லை. ரத்தம் என்னிடம்தான் வந்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் அவளால் எழுந்து கேமராவைப் பிடிக்க முடியவில்லை. அவர் தனியாகப் போனார். கிடங்குத் தெருவுக்கே போனார். ஒரு மணியிலிருந்து படம் மேல் படம் எடுத்தார். எல்லாம் காலித் தெரு. கெஞ்சினார், திட்டினார், அழுதார். பால் வண்டிகள் வர ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினார்.

மகள் விழித்திருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் விட்டிருந்தது.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஏம்ப்பா, ராத்திரி பூரா கட்டில் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தீங்களே... கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம்ல?"